கல், நீர், துண்டு

ஜெர்மனியில் ஓரளவு பெரிய சவுனா எதற்குள் போனாலும் சுவரில் ஒரு நேரப் பட்டியல் தொங்கும். 11 மணிக்குப் பெரிய அறையில் எலுமிச்சை, 12 மணிக்குத் தோட்டத்து மரக்குடிலில் பைன், 2 மணிக்கு உப்பு, 3 மணிக்குத் தேன். நேரம் நெருங்க நெருங்க, குளத்தில் கிடந்தவர்களும் சாய்வு நாற்காலியில் புத்தகம் படித்துக்கொண்டிருந்தவர்களும் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு அந்தக் கதவைப் பார்த்து நடக்க ஆரம்பிப்பார்கள். கொஞ்சம் முன்னதாகப் போகாவிட்டால் உட்கார இடம் கிடைக்காது. இத்தனை பேரும் கூடுவது ஆஃப்குஸ் என்கிற கால் மணி நேரச் சடங்குக்காக.

சடங்கு இதுதான். அடுப்பின் மேல் அடுக்கிய கற்கள் மணிக்கணக்காகக் காய்ந்திருக்கும். சவுனாமைஸ்டர் என்று அழைக்கப்படும் ஊழியர், வாசனை கலந்த நீரை மரவாளியிலிருந்து மொண்டு அந்தக் கற்களின் மேல் ஊற்றுவார். எழும் ஆவியைத் துண்டால் வீசி, உட்கார்ந்திருப்பவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பார். பெரும்பாலும் மூன்று சுற்று. முடிந்ததும் எல்லாரும் கைதட்டிவிட்டு வெளியே ஓடிக் குளிர்ந்த நீரைத் தேடுவார்கள்.

மியூனிக் பக்கம் குடிவந்த பிறகு பல மைஸ்டர்களின் கையில் வியர்த்திருக்கிறேன். பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று உறுதிப்பட்டிருக்கிறது. குறைவாக ஊற்றி, நிறையக் காத்திருக்கத் தெரிந்தவரே நல்ல மைஸ்டர். மற்ற வித்தைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நல்லவர் ஒருவர் எப்படித் தொடங்குகிறார் என்று பாருங்கள். முதலில் கதவை அகலத் திறந்துவைப்பார். முந்தைய ஆட்களின் மூச்சும் வியர்வையும் தேங்கிய பழைய காற்றைத் துண்டால் வாரி வாரி வெளியே தள்ளுவார். புதுக் காற்று உள்ளே வந்த பிறகுதான் கதவு மூடும். பிறகு தன் பெயர், இன்று என்ன வாசனை, எத்தனை சுற்று, சூடு எந்த அளவுக்குப் போகும் என்று சொல்வார். "முதல் தடவை வந்தவர்கள் யாராவது உண்டா?" என்று கேட்பார். கை தூக்கினால் கீழ்ப்பலகையில் இடம் ஒதுக்குவார். முடியாவிட்டால் எந்த நேரமும் எழுந்து போகலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதைச் சொல்லாமல் எந்த நல்ல மைஸ்டரும் அகப்பையைத் தொடுவதில்லை.

அகப்பை எப்படிப் போகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே இடத்தில் கொட்டினால் அங்கே கல் குளிர்ந்துபோகும், நீர் ஆவியாகாமல் அடியில் வழிந்தோடும். தெரிந்தவர் மெல்லிய கம்பியாக நீரை விட்டு, கற்குவியலின் ஓரத்திலிருந்து நடுவுக்கு வட்டமாகக் கொண்டுவருவார். அவருடைய காது அடுப்பின் மேலேயே இருக்கும். காய்ந்த கல்லில் பட்ட நீர் 'சுர்' என்று கூர்மையாக வெடிக்கும். கல் சோர்ந்துவிட்டால் அதே நீர் 'தளதள' என்று கொதிக்கும் சத்தம் போடும். அந்தச் சத்தம் வந்தவுடன் கையை நிறுத்திவிட வேண்டும். கல் மறுபடி சூடேறும்வரை ஒன்றிரண்டு நிமிடம் சும்மா நிற்பது மைஸ்டருக்குக் கடினமான வேலை. அறை முழுக்க எதிர்பார்த்துக் காத்திருக்கும்போது கை தானாக வாளிக்குப் போகத்தான் செய்யும். போகாதவரிடம்தான் நான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

இந்த நேரத்தில் அறையின் வெப்பமானியைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 90 டிகிரியில் நின்ற முள் ஆவி எழுந்த பிறகும் பெரிதாக நகராது. ஆனால் தோளில் நெருப்பு விழுந்ததுபோல இருக்கும். காரணம் இது: ஒரு லிட்டர் நீர் முழுவதும் ஆவியானால் 1,600 லிட்டருக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்கிறது. அந்த ஆவி மேலே போய்க் கூரையின் கீழ் படர்கிறது. நம் தோல் 40 டிகிரிக்கு மேல் அதிகம் போவதில்லை. 90 டிகிரிக் காற்றில் ஈரம் ஏறிவிட்டால், அந்தக் காற்றைப் பொறுத்தவரை நம் உடம்பு ஒரு குளிர்ந்த பரப்பு. ஆவி அதன் மேல் பட்டு நீராகப் படிகிறது. அப்படிப் படியும்போது ஆவியாவதற்கு வாங்கிய வெப்பத்தை அப்படியே தோலிடம் ஒப்படைக்கிறது. ஆஃப்குஸில் முதலில் உடம்பில் முத்துமுத்தாக நிற்கும் ஈரத்தில் ஒரு பங்கு நம் வியர்வையே இல்லை, மைஸ்டர் ஊற்றிய நீர்தான். சளி பிடித்தால் போர்வைக்குள் வேது பிடித்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கடி தெரிந்ததுதான். அங்கே முகத்துக்கு மட்டும் கிடைத்தது இங்கே மொத்த உடம்புக்கும் கிடைக்கிறது.

துண்டின் வேலை இங்கே வருகிறது. கூரையடியில் தங்கிய ஆவியை அப்படியே விட்டால் மேல்பலகைக்காரர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். அதனால் மைஸ்டர் முதலில் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றி ஆவியை அறை முழுக்கப் பரப்புவார். அடுத்து ஒவ்வொருவர் முன்னாலும் வந்து நின்று வீசுவார். துண்டின் இரண்டு மூலைகளையும் பிடித்து, தலைக்குப் பின்னால் கொண்டுபோய், முன்னால் இழுத்து, மணிக்கட்டைச் சட்டென்று நிறுத்துவார். துணி 'பட்' என்று விரியும். ஒரு நொடி எதுவும் நடக்காது. பிறகு காது மடலில் சுள்ளென்று உறைக்கும், அடுத்து மூக்கு நுனி, அடுத்து தோள். காற்று அசையாதபோது நம் உடம்பைச் சுற்றி ஒரு மெல்லிய குளிர்ந்த காற்றுப் போர்வை ஒட்டிக்கொண்டிருக்கும். வீச்சு அதைக் கிழித்துவிடுகிறது. அதனால்தான் அறையின் சூடு மாறாமலேயே நமக்கு மட்டும் மாறுகிறது.

இதில் மைஸ்டர் படும் பாட்டையும் சொல்ல வேண்டும். நாம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறோம். அவர் அதே சூட்டில் நின்றுகொண்டு கால் மணி நேரம் கையை வீசுகிறார், ஒரு நாளில் பல தடவை. எந்த முகம் சிவந்திருக்கிறது, யார் தலையைக் கவிழ்த்துவிட்டார்கள், யார் பிடிவாதத்தால் மட்டும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் பார்த்துக்கொண்டே இருக்கிறார். முதலுதவி தெரியாதவரை இந்த வேலையில் நிறுத்தக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இனி உட்கார்ந்திருப்பவர்களின் பங்கு. ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் ஈழத்து நண்பர் ஒருவரோடு இதைப் பற்றிப் பேசும்போது அவர் கேட்ட முதல் கேள்வி, நம்மவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்விதான்.

"அண்ணை, உண்மையாவே ஆம்பிளை பொம்பிளை எல்லாரும் ஒண்டாத்தான் இருக்கிறவையோ? உடுப்பு ஒண்டும் இல்லாமலோ?"

"ஆமா தம்பி. ஆனா யாரும் யாரையும் பார்க்கிறதில்ல. கொஞ்ச நேரத்துல உங்களுக்கே அது மறந்துபோகும்."

"எனக்கு மறக்கும். மனிசிக்கு?"

"பெண்களுக்குன்னு தனி நாள் வைக்கிற இடங்கள் நிறைய இருக்கு. அங்கே தொடங்கட்டும். பிடிக்கலைன்னா கட்டாயமா என்ன?"

ஜெர்மனியில் பெரும்பாலான சவுனாக்களில் நீச்சலுடைக்கு அனுமதி இல்லை. ஈரமான செயற்கைத் துணி வியர்வையைத் தோலோடு பூட்டிவைக்கிறது, சுகாதாரக் கேடு என்பது அவர்கள் சொல்லும் காரணம். கூச்சம் உள்ளவர்கள் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்காரலாம், பெரும்பாலும் யாரும் எதுவும் சொல்வதில்லை. ஆனால் இரண்டு விதிகளில் மட்டும் துளிகூட விட்டுக்கொடுக்க மாட்டார்கள். மரத்தில் வியர்வை படக் கூடாது. உட்காரும் இடம் மட்டுமல்ல, பாதம் வைக்கும் இடத்திலும் துண்டு விரிந்திருக்க வேண்டும். கைபேசி உள்ளே வரவே கூடாது. இந்த இரண்டையும் மதிக்கிறவரை அங்கே எல்லாரும் சமம். முதலாளியும் ஓட்டுநரும் எழுபது வயதுப் பாட்டியும் ஒரே பலகையில் வரிசையாக உட்கார்ந்து வியர்க்கிறார்கள். வேறு எங்கும் எனக்குக் காணக் கிடைக்காத காட்சி அது.

உள்ளே போகுமுன் குளித்து, முழுக்கத் துடைத்துக்கொண்டு போங்கள். ஈரத் தோல் வியர்க்க நேரமெடுக்கும். பாதம் சில்லென்று இருந்தால் வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு போவது நல்லது. ஆஃப்குஸ் தொடங்கிய பிறகு கதவைத் திறந்துகொண்டு உள்ளே நுழைவது பெரிய மரியாதைக் குறைவு, ஆவி எல்லாம் வெளியே போய்விடும். வெளியேறுவது அப்படியல்ல, அது எப்போதும் சரி. மூச்சு அடைத்தாலோ நெஞ்சு படபடத்தாலோ தலை லேசானாலோ எழுந்துவிடுங்கள். மைஸ்டரே கதவைப் பிடித்துக்கொள்வார். ஆவியின் அலை மேலே வரும்போது மூச்சை அடக்காமல் மெதுவாக மூக்கால் இழுக்கவும். மூக்கு எரிந்தால் உள்ளங்கையைக் குவித்து முகத்தின் முன்னால் வைத்துக்கொண்டால் போதும். தாங்க முடியாவிட்டால் ஒரு பலகை கீழே இறங்கி உட்காரலாம். அந்த ஒரு படியில் சூடு நன்றாகவே குறையும்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சவுனாவைத் தாக்குப்பிடிக்கும் போட்டியாக நினைக்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். உண்மையாகவே அப்படி ஒரு போட்டி நடந்தது. பின்லாந்தின் ஹெய்னோலா நகரில் 1999 முதல் உலக சவுனாப் போட்டி நடத்தினார்கள். 110 டிகிரி அறை, அரை நிமிடத்துக்கு ஒரு முறை அரை லிட்டர் நீர், கடைசிவரை உட்கார்ந்திருப்பவர் வெற்றியாளர். 2010 ஆகஸ்டில் இறுதிச் சுற்றில் கடைசியாக எஞ்சிய இருவரும் கடுமையான தீக்காயங்களோடு தூக்கிவரப்பட்டார்கள். ரஷ்யப் போட்டியாளர் இறந்துபோனார். அதோடு போட்டி நின்றது. ஆவி என்பது எவ்வளவு கூர்மையான கருவி என்று தெரிந்துகொள்ள இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. அதைக் கையாளுகிறவர் நிதானமாக இருந்தே ஆக வேண்டும்.

பின்லாந்தின் பெயர் வந்துவிட்டதால் ஒன்று. கல்லில் நீர் ஊற்றுவது அவர்கள் சொத்துதான். ஐம்பத்தைந்து லட்சம் பேர் வாழும் அந்த நாட்டில் முப்பது லட்சத்துக்கும் மேல் சவுனாக்கள் உண்டு. 2020இல் யுனெஸ்கோ பின்லாந்து சவுனா மரபைத் தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. எஸ்தோனியாவின் வோரு பகுதிப் புகைச் சவுனா அதற்கு முன்பே, 2014இல், இடம்பிடித்துவிட்டது. பின்லாந்தில் பொதுவாக நேரப் பட்டியலும் கிடையாது, மைஸ்டரும் கிடையாது. வாளிக்குப் பக்கத்தில் இருப்பவர் "ஊற்றட்டுமா?" என்று கேட்டுவிட்டு ஊற்றுகிறார், அவ்வளவுதான். ஜெர்மனியில் சவுனா பரவியதற்கு 1936 பெர்லின் ஒலிம்பிக்கையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். நகருக்கு மேற்கே எல்ஸ்டாலில் அமைந்த வீரர்கள் கிராமத்தில் பின்லாந்துக்காரர்களுக்காக ஒரு சவுனா கட்டியிருந்தார்கள். போருக்குப் பிறகு 1949இல் ஜெர்மன் சவுனா சங்கம் உருவானது. பொதுச் சவுனாவில் முன்பின் தெரியாத நாற்பது பேர் ஒன்றாக உட்காரும்போது யார் ஊற்றுவது, எவ்வளவு ஊற்றுவது என்ற கேள்வி வரத்தான் செய்யும். அந்தப் பொறுப்பை ஒருவர் கையில் கொடுத்தார்கள், அந்தக் கையிலிருந்து ஒரு கலை வளர்ந்தது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

வாசனைக்கு வருகிறேன். நம்மவர்கள் உள்ளே போனவுடன் நிமிர்ந்து உட்காரும் வாசனை ஒன்று உண்டு: யூகலிப்டஸ், நம் வீட்டு அலமாரியில் இருக்கும் அதே நீலகிரித் தைலம். அதோடு புதினா, எலுமிச்சை, ஆரஞ்சு, ஆல்ப்ஸ் மலைக் குட்டைப் பைன், பிர்ச் இலை என்று போகும். எந்தத் தைலத்தையும் அப்படியே கல்லில் விடக் கூடாது. அது தீப்பிடிக்கும் பொருள். சவுனாவுக்கென்று விற்கும் திரவத்தை, புட்டியில் போட்டிருக்கும் அளவில், நீரில் நன்றாகக் கலக்கித்தான் ஊற்ற வேண்டும். சிலர் நொறுக்கிய பனிக்கட்டியில் சில துளிகள் விட்டு, உருண்டையாகப் பிடித்துக் கல் மேல் வைப்பார்கள். அது உருக உருக ஆவி மெதுவாக, நீளமாக வரும். எனக்கு மிகப் பிடித்த முறை அது. அகப்பை நீரின் அதட்டல் இதில் இல்லை.

மெந்தால் விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. மெந்தால் தோலில் குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. அதனால் 90 டிகிரியிலும் முதுகில் குளிர்காற்று பட்டதுபோல இருக்கும். கடைசிச் சுற்றில் கொஞ்சமாகச் சேர்த்தால் அருமை. ஒரு இடத்தில் மைஸ்டர் முதல் சுற்றிலேயே அள்ளிப் போட்டதில் அறையில் பாதிப்பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியேறினார்கள், நானும்தான். அதிக வாசனை நல்ல வாசனை ஆகிவிடாது. முதல் சுற்றில் மரவாசம், இரண்டாவதில் பழவாசம், மூன்றாவதில் கூர்மையான மூலிகை என்று ஏற்றிக்கொண்டு போகிறவர்களிடம் மூச்சும் கூடவே திறந்துகொண்டு போகும்.

மூன்றாம் சுற்று முடிந்தவுடன் துள்ளி எழாதீர்கள். சூட்டில் இரத்த நாளங்கள் விரிந்திருக்கும், திடீரென்று எழுந்தால் கண் இருட்டும். ஒரு நிமிடம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்துவிட்டு இறங்குங்கள். முதலில் திறந்தவெளிக் காற்று, பிறகு தண்ணீர். குழாய் நீரை வலது பாதத்தில் தொடங்கி மேலே கொண்டுவருவது, அடுத்து இடது கால், அடுத்து கைகள், மார்பு கடைசியில். பவேரியாவின் பாட் வோரிஸ்ஹோஃபனில் நீர்ச் சிகிச்சை செய்த செபாஸ்டியன் க்னைப் என்ற பாதிரியாரின் வழி இது. அவர் 1897இல் காலமானார், அவர் பெயரிலான குளிர்நீர்க் குழாய் இன்றும் சவுனாக்களில் இருக்கிறது. வியர்வையைக் கழுவாமல் குளிர்த்தொட்டியில் குதிப்பவர்களை எல்லாரும் முறைப்பார்கள், முறைக்க வேண்டியதுதான்.

அதன்பின் ஓய்வு. உள்ளே இருந்த நேரத்துக்குக் குறையாமல், முடிந்தால் அதைவிட அதிகமாகவே, போர்த்திக்கொண்டு படுங்கள். தண்ணீர் குடியுங்கள், பீரைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆஃப்குஸின் இன்பத்தில் பாதி இந்தப் படுக்கையில்தான் கிடைக்கிறது. உடம்பின் எடை தெரியாது, காது மட்டும் விழித்திருக்கும். நேரப் பட்டியலைப் பார்த்து ஒன்று விடாமல் எல்லா ஆஃப்குஸுக்கும் ஓடுகிறவர்கள் இதை இழக்கிறார்கள்.

உடல்நலன் பற்றிப் பெரிதாகப் பேச எனக்கு விருப்பமில்லை. கிழக்கு பின்லாந்தில் 2,315 நடுவயது ஆண்களைச் சுமார் 20 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்தில் பல நாள் சவுனாவுக்குப் போனவர்களிடையே திடீர் இதய மரணம் குறைவாக இருந்தது. ஏற்கெனவே நல்ல உடம்போடு இருப்பவர்கள்தான் அடிக்கடி போகிறார்களா என்ற கேள்வியை அத்தகைய ஆய்வு முழுதாகத் தீர்த்துவிடாது. வியர்வையோடு உடம்பின் நஞ்சு வெளியேறுகிறது என்று சொல்வதை நம்பாதீர்கள், அந்த வேலை கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரியது. இதய நோய், இரத்த அழுத்தம், கர்ப்பம் என்றால் மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது. காய்ச்சலோடும் போகக் கூடாது.

இப்போது காட்சி ஆஃப்குஸ் என்று ஒரு வகை வளர்ந்திருக்கிறது. வேடம், ஒளி, இசை, ஒரு கதை, அதற்குள் மூன்று சுற்று ஆவி. இதற்கு உலகப் போட்டியும் நடக்கிறது. துண்டு வீச்சு, சூடு ஏறும் விதம், வாசனை, கதை சொல்லும் முறை எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. துண்டைச் சக்கரமாகச் சுழற்றி மேலே எறிந்து, விழுமுன் முதுகுக்குப் பின்னால் பிடிக்கிறார்கள். அந்தக் கைத்திறனுக்குத் தலைவணங்குகிறேன். பாட்டின் உச்சத்துக்காகக் கல் தயாராகும்முன்பே நீரை விடும்போதுதான் மனம் ஒப்பவில்லை. பாட்டுக்கு ஏற்பக் கல் சூடாகாது. நல்ல கலைஞர்கள் பாட்டைக் கல்லுக்கு ஏற்ப அமைத்துக்கொள்கிறார்கள், அதைப் பார்க்கும்போது கண் நிறைந்துவிடுகிறது.

பின்லாந்திலும் ஸ்வீடனிலும் இருக்கும் தமிழர்கள் பலரின் குடியிருப்பிலேயே சவுனா இருக்கும். நீங்களே ஊற்றிப் பார்க்கலாம். அகச்சிவப்பு விளக்கு வைத்த பெட்டியாக இருந்தால் வேண்டாம், அதில் நீர் படக் கூடாது. கல் அடுப்பாக இருந்தால் அறை சூடான பிறகும் கல் உள்ளுக்குள் காயக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். அடுப்பின் மேல் குனியாமல், பக்கவாட்டில் நின்று, நீளக் கைப்பிடி அகப்பையால் ஊற்றுங்கள். முதல் ஆவி நேராக மேலே அடித்து மணிக்கட்டைச் சுட்டுவிடும். வீட்டு அறைக்கு முதல் சுற்றில் ஒரு சிறு அகப்பை போதும். சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, கூரைப் பக்கத்துக் காற்றைத் துண்டால் இரண்டு மூன்று முறை மெதுவாகக் கீழே இறக்குங்கள். கனத்த பூத்துவாலையைவிட மெல்லிய பருத்தித் துண்டு கைக்கு அடங்கும். நம்மூர்த் துண்டே இதற்கு நன்றாகப் போதும். கூட இருப்பவர்களிடம் கேட்டுவிட்டு அடுத்த அகப்பையை எடுங்கள். முடிந்ததும் பலகைகளைக் கழுவி, கதவைத் திறந்துவைத்து, அறையை நன்றாக உலரவிடுங்கள். ஈரத்தோடு மூடினால் மரம் கறுத்துப் பூசணம் பிடிக்கும்.